அலமேலுவுக்கு இன்னும் வயது போதவில்லை

பெண் குழந்தைக்கு அலமேலு என்று இன்று பெயர் வைக்கலாமா என்று கேட்டால், ‘பாட்டி பெயர்’ என்று இரண்டே சொல்லில் வழக்கை முடித்துவிடுகிறார்கள். பழமைதான் குற்றம் என்றால் குந்தவை எப்படித் தப்பினாள்? ஆயிரம் ஆண்டு மூத்தவள். 1950களில் கல்கி அவளைத் தொடர்கதையில் உலவவிட்டார். 2022இல் மணிரத்னம் திரைக்கு அழைத்துவந்தார். இன்று அந்தப் பெயர் கம்பீரம். ஆக, அலமேலுவின் சிக்கல் அவள் பழையவள் என்பதல்ல. போதுமான அளவு பழையவளாகவில்லை என்பதே. சோழ இளவரசி முறுக்கு சுட்டதை யாரும் பார்த்ததில்லை. அலமேலு சுட்டதைப் பார்த்திருக்கிறோம்.

பள்ளியில் கேலி செய்வார்களே என்பது அடுத்த வாதம். கேலி செய்வதற்கு அது பாட்டி பெயர் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுடைய பாட்டிகளோ கீதா, உஷா, லதா. வெளிநாட்டார் வாயில் நுழையாது என்று கவலைப்படுபவர்கள், தமிழர் நாக்கே தடுக்கும் ழகரத்தோடு யாழினி என்று பூரிப்பாகச் சூட்டுகிறார்கள். எண்கணிதக்காரரும் குறுக்கே நிற்கமாட்டார்; ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் செருகினால் எந்தப் பெயரும் ராசியான பெயர்தான். ஆகவே தாராளமாக வைக்கலாம். ஆனால் சீக்கிரம் வைத்துவிடுங்கள். வகுப்புக்கு நாலு அலமேலு வந்துவிட்டால், தனித்துவம் தேடுவோருக்கு லதாதான் மிச்சம்.