படப்பையிலிருந்து அலாஸ்கா: தம்பதியருக்கான செயல்முறைக் குறிப்பு

தயாரித்தவர்: நான். சரிபார்த்தவர்: எங்கள் வீட்டம்மா. ஒப்புதல் அளித்தவர்: அவரேதான்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் கார்த் தொழிற்சாலை திறந்தார்கள். நடுவில் எங்கள் படப்பை வழியாகப் போகும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலை அகலமானது, அதில் கம்பெனி பஸ்கள் பெருகின. அந்த பஸ்களில் தூங்கி வழிந்து போய்வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது சியாட்டிலில் கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள். ஆகவே படப்பையில் எந்த வீட்டிலும் எந்த நேரமும் போன் அடித்து, "அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் அலாஸ்கா கப்பல் புக் பண்ணிட்டேன், ஏழு ராத்திரி" என்று குரல் வரலாம். பதற வேண்டாம். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் 26 வருஷம் மூன்று ஷிப்டும் பார்த்து, லைன் சூப்பர்வைசராக ஓய்வு பெற்று, போன வருஷம் அந்தக் கப்பலிலும் போய்வந்தவன் என்ற தகுதியில் கீழ்க்கண்ட நடைமுறைகளை வகுத்திருக்கிறேன்.

1. கேட் பாஸ்

கப்பல் கிளம்புவது சியாட்டில், திரும்புவதும் சியாட்டில். போகிற அலாஸ்காவும் அமெரிக்காதான். 1867-இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிப் போட்ட இடம். கணக்குப் பார்த்தால் ஏக்கர் சுமார் இரண்டு சென்ட். ஏக்கருக்கு நூறு சென்ட் என்று அளப்போமே, அந்த சென்ட் இல்லை, அமெரிக்கச் சில்லறை. ஒரகடம் கூட்ரோட்டில் மனை வியாபாரம் செய்யும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இதைச் சொல்லாதீர்கள். மனிதர் அதன் பிறகு தூங்கமாட்டார்.

எல்லாம் அமெரிக்கா என்பதால் அமெரிக்க விசா போதும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். 1886-இல் அங்கே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்: வெளிநாட்டில் பதிவான கப்பல், நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற இடங்களில் பதிவானவை. எனவே சட்டத்துக்குக் கும்பிடு போட, கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் கப்பலைக் கட்டுகிறார்கள். அந்தச் சில மணி நேரத்துக்கு நம் பாஸ்போர்ட்டுக்குத் தனியாகக் கனடா விசா வேண்டும். கனடாவைத் தொட்டுவிட்டு மறுபடி நுழைய, அமெரிக்க விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். செட்டியார் வீட்டுக்குப் போகிற வழியில் முதலியார் வீட்டுத் திண்ணையில் கால் வைத்ததற்கு அவரிடமும் சீட்டு வாங்குகிற கதைதான்.

2. மூட்டை

மார்கழியில் 22 டிகிரி வந்தாலே குரங்குக் குல்லா மாட்டும் ஊர் நம்முடையது. கப்பல் நிற்கும் அலாஸ்கா ஊரான ஜூனோவில் ஜூலை மாதப் பகல் 17, 18 டிகிரி. உள்ளூர்க்காரர்கள் அதைக் கோடை என்று நம்பி அரைக்கை சட்டையில் திரிவார்கள். நீங்கள் நம்ப வேண்டாம். தடியாக ஒரே கோட்டு வாங்காமல் மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள், மேலே மழைக்கோட்டு. இன்னொரு துறைமுகமான கெச்சிக்கனில் ஆண்டுக்குச் சுமார் 3,800 மில்லிமீட்டர் மழை. சென்னையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அங்கே காற்றில் குடை விரித்தால் குடைதான் உங்களைச் சுற்றிக் காட்டும்.

கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ புத்தம் புதிதாக இருக்கிறதே என்று போட்டுக்கொண்டு போகாதீர்கள். முனையில் இரும்பு. ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் ஏறும்போது சோதனைக் கருவி கத்தும். நான் நான்கு முறை கழற்றி மாட்டினேன். நான்கு முறையும் வீட்டம்மா பக்கத்து வரிசையில் யாரோ போல நின்றுகொண்டாள்.

மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் கப்பலில் ஆகாது, தீ பயம். வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். அவள் காபி பில்டரும் பொடியும் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டுக் கூடத்து வெந்நீரில் டிகாஷன் இறங்கவில்லை. ஏழு நாளும் அவர்கள் காபிதான்.

இருவருக்குமாக நான்கு பெட்டி, 92 கிலோ. அதிகம் என்று நான் முணுமுணுத்தேன். ஸ்காக்வே துறைமுகத்தில் வழிகாட்டிப் பெண் சொன்ன கதையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். 1898-இல் குளோண்டைக்கில் தங்கம் தேடி அந்த வழியாகப் போனவர்களைக் கனடா போலீஸ் எல்லையில் மறித்ததாம். ஒரு வருஷத்துக்கான சாப்பாடும் சாமானும் இல்லாதவனுக்கு உள்ளே இடமில்லை. ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். அவர்கள் அதைத் தவணை தவணையாக முதுகில் சுமந்து மலையேறினார்கள். "கேட்டுக்கோங்க" என்றாள் வீட்டம்மா.

3. மஸ்டர்

கப்பல் கிளம்புமுன் எல்லோரும் அவரவர் மஸ்டர் இடத்துக்குப் போய்ப் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கப்பல் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி இறுகியது. கம்பெனியில் சைரன் அடித்ததும் அசெம்பிளி பாயிண்டில் கூடித் தலை எண்ணுவோமே, அதேதான். ஒரே ஒரு எச்சரிக்கை: பழக்கதோஷத்தில் நீங்கள் தலை எண்ணாதீர்கள். நான் எண்ணினேன். இரண்டு பேர் குறைந்தார்கள். சத்தமாகச் சொன்னேன். அந்த இருவர் நாங்கள்தான்.

4. கேன்டீன்

டோக்கன் கிடையாது, மணியும் கிடையாது. காலையிலிருந்து ராத்திரி வரை ஏதாவது ஒரு மூலையில் சாப்பாடு ஓடுகிறது. வாசலில் ஒருவர் பாட்டுப் பாடாத குறையாகக் கை கழுவச் சொல்வார். கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி ஏறினால் ஒரு வாரத்தில் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள் என்ற பயம். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பருப்பும் சோறும் வரும். ரசத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

முதல் நாள் சாப்பிட்டு முடித்த தட்டை எடுத்துக்கொண்டு அவள் எழுந்துவிட்டாள். "எங்க போடணும்னு கேளுங்க." போட வேண்டாம், வந்து எடுப்பார்கள் என்றேன். உட்கார்ந்தாள். ஆனால் தட்டு போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5. கரை இறங்குதல்

பொன்விதி: கப்பல் வழியாகப் பதிந்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களே மலிவாக வண்டி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. படப்பை பஸ் ஸ்டாண்டில் காலை 6.10 கம்பெனி பஸ்ஸை ஒருமுறையாவது ஓடிப்போய்த் தவறவிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூனோ ஒரு மாநிலத்தின் தலைநகர். ஆனாலும் வெளியிலிருந்து அதற்குச் சாலை கிடையாது. விமானம் அல்லது கப்பல். பஸ்ஸைப் பிடித்து அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்ளும் யோசனை பலிக்காது.

ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு. அங்கே கட்டுச்சோற்றுக்குத் தடை. வெளியே தண்ணீர் தவிர எதுவும் தின்னவோ குடிக்கவோ கூடாது, காரணம் கரடி. வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் கரடி உள்ளே, நாம் வெளியே, நடுவில் பள்ளம். இங்கே நடுவில் ஓர் அறிவிப்புப் பலகை மட்டும். எதிரே வந்தால் ஓடக் கூடாதாம், மெதுவாகப் பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டுமாம். "என்னத்தப் பேசறது?" என்று கேட்டாள். "என்கிட்ட பேசற மாதிரி பேசு" என்றேன். "அதுக்குக் கரடி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

ஸ்காக்வேயில் மலை ரயில். 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான், 1899-இல், நம் மேட்டுப்பாளையம் – குன்னூர் ரயிலும் ஓட ஆரம்பித்தது. ஸ்காக்வே தண்டவாளம் மூன்று அடி அகலம், ஊட்டிப் பாதையைவிடக் குறுகல். 20 மைலில் சுமார் 2,900 அடி ஏறுகிறது. ஜன்னல் இருக்கை அவளுக்கு என்று முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுங்கள். நான் இரண்டாவது சுரங்கத்தில்தான் ஒத்துக்கொண்டேன்.

6. பனியாறு

கிளேசியர் பே என்ற விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களைத்தான் விடுகிறார்கள். தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலிலேயே ஏறி வந்து ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வருவார்கள். 1794-இல் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இங்கே விரிகுடாவே கிடையாது, வாசல்வரை பனிக்கட்டிதான். 1879-இல் இயற்கையாளர் ஜான் மியூர் வந்தபோது அது நாற்பது மைலுக்கு மேல் உள்வாங்கியிருந்தது. மார்ஜரி பனியாற்றின் முகம் ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் சுமார் 250 அடி. எடையில் இறுகிய பனிக்கட்டி வெளிச்சத்தின் சிவப்பை விழுங்கிவிடுவதால் சோப்பு நீலமாகத் தெரிகிறது. ஒரு துண்டு உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். இடி மாதிரிச் சத்தம் பிறகுதான் வரும். ஆகவே சத்தம் கேட்டுத் திரும்பிப் போட்டோ எடுப்பவரிடம் தண்ணீர் வளையம் மட்டும் இருக்கும். என்னிடம் அப்படி 41 படங்கள் இருக்கின்றன.

இந்த ஆறு ராத்திரி பகல் நிற்காமல் நகர்கிறது என்று ரேஞ்சர் சொன்னதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "ரிலீவர் இல்லாத டூட்டி" என்று ஒரு ஜோக்கும் சேர்த்தேன். ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் லைனில் முதல் விதி. அவள் சிரிக்கவில்லை.

7. ரூம் பையன்

ராத்திரி பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம் இருக்கும். நீங்கள் அறைக்குத் திரும்பும்போது படுக்கை விரித்திருக்கும், மேலே துண்டில் மடித்த யானை உட்கார்ந்திருக்கும். அதைச் செய்பவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் தூத்துக்குடிப் பக்கம். எட்டு மாத கான்ட்ராக்ட். அதில் ஞாயிறு என்ற ஒன்று கிடையாது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், 2006 சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு. சூப்பர்வைசர் மூளை சும்மா இருக்குமா? 168-இல் 77 போனால் 91. நம் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே வாரம் 48 மணி என்று எழுதிவிட்டது. நம்முடைய லீவு என்பது இன்னொருவரின் ஷிப்ட் என்று ஏழாவது மாடி வராந்தாவில் நின்றபோது புரிந்தது. டிப்ஸ் பில்லில் தானாகவே ஏறியிருக்கும். கையிலும் கொஞ்சம் கொடுங்கள்.

ஐந்தாம் நாள் அவர் வருமுன் வீட்டம்மாவே படுக்கையை மடித்து வைத்துவிட்டாள். அவர் பதறிவிட்டார். "ஆன்ட்டி, இப்படி மடிச்சிருந்தா சூப்பர்வைசர் என்னையத்தான் கேப்பாரு." என்னைப் பார்க்காமல் அவள் கேட்டாள்: "எப்பப்பா ஊருக்கு?"

"ரிலீவர் வந்தா எறங்கிருவேன் ஆன்ட்டி. நவம்பர்ல வந்துருவாங்க."

"உனக்கு வருவாங்க" என்றாள். இப்போது என்னைப் பார்த்தாள்.

8. ஊர் திரும்பிய பின்

தெருவில் எல்லோரும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். நான் திமிங்கலம், கரடி, பனியாறு என்று வரிசையாகச் சொன்னேன். அவள் ஒரே வரியில் முடித்தாள்: "ஏழு நாள் ஒரு தட்டு கழுவலை." பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் 41 படங்களை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை. நேரம் மாறிப் போனதில் முதல் வாரம் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். படுத்துப் புரள வேண்டாம். ஐந்து மணி வரை பொறுத்திருந்து அடுப்படிக்குப் போங்கள். பில்டரில் பொடியைப் போட்டு அமுக்கி, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, பாலைக் காய்ச்சுங்கள். முதல் நாள் நான் கொண்டுபோய் நீட்டியபோது ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். காரணம்: டிகாஷன் தண்ணி. ரிஜெக்ட் ஆன காபி அன்றே ரீவொர்க் செய்யப்பட்டது.

இப்போதும் ஏ ஷிப்ட் நான்தான் பார்க்கிறேன். ரிஜெக்ட் குறைந்திருக்கிறது.