தென்புறநகர்ப் படக்காரர் வலைத்தளம்: இலக்கணமும் உரையும்

தாம்பரம் முதல் வேளச்சேரி வரை கேமரா வைத்திருப்போர் இரு வகைப்படுவர்: சொந்த வலைத்தளம் கட்டி முடித்தோர், அடுத்த மாதம் கட்டப்போவோர். முதல் வகையினர் அகப்படுவது அரிதாகையால், இவ்வாய்வு பெரிதும் இரண்டாம் வகையினரைச் சார்ந்தே அமைகிறது. இன்ஸ்டாகிராமில் போட்டால் போதாதோ என்று வினவுவார் உளர். போதாது. அங்கே நம் கலைப்படத்துக்கு அடுத்து யாரோ வீட்டு நாய்க்குட்டி வரும். அன்றியும், 2015 வரை எல்லாப் படத்தையும் சதுரமாக வெட்டச் சொன்ன இடம் அது.

தளத்தில் வைக்கும் படங்கள் திணை வழிப்பட்டவை. குறிஞ்சிக்குத் திரிசூலம் மலை, மேலே தாழப் பறக்கும் விமானத்துடன். முல்லைக்கு வண்டலூர்ப் புலி, அகழி தெரியாத கோணத்தில். மருதத்துக்குச் சிட்லபாக்கம் ஏரி. அதிகம் சொல்வதற்கில்லை. பாலைக்கு ஜிஎஸ்டி ரோடு: இரவு நேரம், ட்ரைபாட், நீண்ட எக்ஸ்போஷர், சிவப்புக் கோடுகளாக ஓடும் பின்விளக்குகள். தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு பெருங்களத்தூரில் எடுத்தால் மட்டும் கோடு விழாது, புள்ளியாகவே நிற்கும்.

விரிவான உரைக்கு உரியது நெய்தல். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்பும் பூநாரைகள் வந்தன, பின்பும் வருகின்றன. பட்டியல் விவரம் அவற்றுக்குத் தெரியாது. ரேடியல் ரோட்டோரம் பைக்கை நிறுத்தி லென்ஸை நீட்டினால் முதலில் பூநாரை, அதன் பின்னே நீர், அதற்கும் பின்னே பெருங்குடிக் குப்பைமேடு, எல்லாவற்றுக்கும் பின்னே ஐ.டி. கட்டடங்கள். தளத்தில் ஏறுவதோ பூநாரையும் நீரும் மட்டுமே. மேல்பாதி முழுக்க க்ராப்பில் போய்விடும். பார்ப்பவருக்கு இது பள்ளிக்கரணையா ஆப்பிரிக்காவா என்று புலப்படக் கூடாது, அதுதான் நோக்கமே. வெட்டாத மூலங்கள் ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன. குப்பைமேடும் பறவையும் ஒரே சட்டகத்தில் நிற்கும் அந்தப் படங்களே இவ்வட்டாரத்தின் தலைசிறந்த படைப்புகள் என்பது ஆய்வாளர் துணிபு. படக்காரர் உடன்படார்.

இனி ஏற்றும் முறை. 24 மெகாபிக்சல் படம் என்பது 6000க்கு 4000 புள்ளிகள். அதை அப்படியே ஏற்றினால், சேலையூரில் ஒற்றைக் கோடு டவரில் திறந்து பார்ப்பவர் பறவையின் தலை வந்து கால் வருவதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுவார். நீளப்பக்கத்தை 2000 புள்ளி அளவுக்குக் குறைத்து, நிறத்தை எஸ்ஆர்ஜிபியில் சேமிக்க வேண்டும். அடோபி ஆர்ஜிபியில் விட்டால் பூநாரையின் இளஞ்சிவப்பு பல திரைகளில் சோகை பிடித்துத் தெரியும். நன்மங்கலம் காப்புக்காட்டில் கொம்பன் ஆந்தையை போனில் எடுத்தவர், கோப்பில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் குறிப்பைக் களைந்தபின் ஏற்றுக. கூட்டுக்கு வழி காட்டிய பாவம் நமக்கெதற்கு?

இத்துறைக்கு முன்னோடி லின்னேயஸ் ட்ரைப். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். கருவிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை என்று அலைந்தவர். பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். விரலால் தள்ளத் தள்ள முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் இன்றைய வலைப்பக்கத்துக்கு மூலம் இதுவே என்க. 1859இல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு இந்த ஆடம்பரம் தாங்காது என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். டொமைன் புதுப்பிக்கும் மாதத்தில் வீட்டு நிதியமைச்சகத்தின் நிலைப்பாடு இன்றும் அதுவே.

எஞ்சியிருப்பது ‘என்னைப் பற்றி’ என்னும் பக்கம். தளங்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோகின்றன. முதலாம் ராஜராஜன் தொடங்கிவைத்த மெய்க்கீர்த்தி மரபின் நேர் வாரிசு இது. வென்ற நாடுகள் வரும் இடத்தில் வாங்கிய லென்ஸ்கள் வரும். மன்னனுக்கு எழுதிக் கொடுக்கப் புலவர் இருந்தார். இங்கே படக்காரரே தம்மை ‘இவர்’ என்று படர்க்கையில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘ஒளியின் மீது தீராக் காதல் கொண்டவர்’ என்று தட்டியதும் கூச்சம் வந்து லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். கூச்சமில்லாதவர் தளம் மறுநாளே திறந்துவிடும்.

திறந்த தளத்துக்கு வரும் முதல் அழைப்பு பெரும்பாலும் அதே தெருவிலிருந்துதான். “தம்பி, சைட்டு பார்த்தேன். பறவையெல்லாம் அருமை. பாஸ்போர்ட் சைஸ் எடுப்பீங்களா?” முகம் சுளிக்காமல், எட்டு காப்பியா பதினாறா என்று கேட்டுவைப்பதே உத்தமம். டொமைனுக்கு அடுத்த ஆண்டும் பணம் கட்ட வேண்டுமே.