கூட்டத்தைச் சுருக்க மாமன் சொல்லும் வழி

வா மருமகனே, உக்காரு. அணு உலைக்கு அனுமதி கெடைக்காம இழுக்குறதே இந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்தாலதானாம், அதச் சுருக்கணும்ங்கிற. சுருக்கு ராசா. ஆனா கத்திரிய எடுக்குமுன்ன எட்டயபுரத்துக்குத் தெக்க ஒரு எட்டுப் போயி, கூடங்குளத்தைப் பாத்துட்டு வந்துரு.

அங்க அணு உலை கட்ட ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988-ல ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாக. அடுத்த வருசமே சுற்றுச்சூழல் அனுமதியும் கெடச்சிட்டு. மக்கள்கிட்ட கேக்கணும்ங்கிற விதி அதுக்குப் பொறகுதான் வந்துச்சு. அதனால மொத ரெண்டு உலைக்கும் கூட்டமே கெடையாது; தேவையில்லன்னு 2013-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிட்டு. இதவிடச் சுருக்க முடியுமா? அப்படியிருந்தும் மொத உலை கரண்டு குடுக்க 2013 அக்டோபர் ஆயிப்போச்சு. இடையில சோவியத் நாடே ஒடஞ்சுது, கட்டுமான வேலையே 2002-லதான் ஆரம்பிச்சுது. மைக்கைப் புடிச்சு இழுத்தவன் எவன்லே?

பந்தல் போட்டுக் கேக்காதத, புகுசிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் 2011-ல பக்கத்து ஊரு இடிந்தகரை மாதா கோயில் முன்னால உக்காந்து சனங்க தாமே பேசுனாக. அந்தக் கூட்டத்துக்கு முடியுற நேரம்னு எவனும் போடல. ஒருநாள்ல முடிய வேண்டியத வருசக்கணக்கா நீட்டுன கெட்டிக்காரத்தனம் யாருதுன்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு.

இனி விதியப் பாரு. ஊருக்கு 30 நாள் முன்கூட்டிச் சொல்லணும். விதிய மாத்த 2020-ல போட்ட வரைவுல அத 20 ஆக்கப் பாத்தாக. கூட்டம் தொடங்க இத்தனை பேர் வரணும்ங்கிற கணக்கே கெடையாது. ஆளில்லாத நாற்காலிக்கும் சுற்றுச்சூழல் அறிக்கைய வாசிக்கலாம்! கடல்ல விடுற வெந்நீரால மீன்பாடு என்னாகும்னு மீனவன் கேட்டா, அதையும் எழுதி, கடைசியில தமிழ்லயே வாசிச்சுக் காட்டணும். நல்ல விதிதான். அறிக்கையோட சுருக்கம் தமிழ்ல வரும். முழு அறிக்கையோ இங்கிலீசுல, தலைக்கு வச்சுப் படுக்கத் தோதாத் தடியா இருக்கும். அந்தத் தலகாணியத் தமிழாக்கி ஒரு மாசம் முந்தியே ஊர்ச்சாவடியில வச்சிரு. பாதிக் கேள்வி அங்கயே தீந்துரும், கூட்டம் தானாச் சுருங்கும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைக் கொறை சொல்லாத. எடம் பாக்க, கட்ட, ஓட்டன்னு படிப்படியா அது குடுக்குற அனுமதியில ஊர்க்காரனுக்கு நாற்காலியே கெடையாது. அங்க எவன் வந்து இழுத்தான்?

கூடங்குளத்துல எரிஞ்ச எரிபொருளச் சேத்து வைக்கிற கிட்டங்கி பத்தி, 2019 ஜூலை 10-ஆம் தேதி ராதாபுரத்துல கூட்டம்னு அறிவிச்சாக. அப்புறம் காலவரையில்லாமத் தள்ளி வச்சாக. வேகம் வேகம்ங்கியே, அப்படி ஒரு கூட்டத்துக்கு இனி நீ நாள் குறிச்சா எனக்கும் ஒரு கார்டு போடு. மதியச் சோறு கட்டிக்கிட்டு வாரேன். கேள்வி ரெண்டே ரெண்டுதான் வச்சிருக்கேன், பயப்படாத.