தெருவிளக்கு மகான்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிறுவர்களுக்கான பேச்சுப் போட்டி. தலைப்பு: 'என் முன்மாதிரி'. "சார், நீங்க ஏதோ எழுதுறீங்களாமே, நடுவரா வந்து உக்காருங்க" என்று சங்கச் செயலாளர் கூப்பிட்டார். அந்த 'ஏதோ' இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் போனேன். ஒரு தண்ணீர் பாட்டில், மதிப்பெண் தாள், முனை உடைந்த பென்சில் ஆகியவற்றைக் கொடுத்து முன்னால் உட்காரவைத்தார்கள்.

மேடையேறிய பிள்ளைகளில் பாதிப் பேர் அப்துல் கலாம். மீதியில் சில விவேகானந்தர்கள், ஒரு கல்பனா சாவ்லா, மையில் வரைந்த மீசை வியர்வையில் வழிந்து சட்டைக் காலர்வரை வந்துவிட்ட ஒரு பாரதியார். முதல் வரிசை முழுக்க அம்மாக்கள். பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே அம்மாவின் உதடு அசையத் தொடங்கிவிடுகிறது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் சுந்தர் பிச்சையைப் பற்றிப் பேசினான். "அவர் சிறு வயதில் தெருவிளக்கில்..." என்று வந்து நின்றுவிட்டான். "படித்தார்!" என்று எடுத்துக் கொடுத்தார் அம்மா. கூட்டம் கைதட்டியது. சுந்தர் பிச்சை சென்னை அசோக் நகரில் வளர்ந்தவர். அவர் படித்த காலத்தில் அசோக் நகரில் வீட்டுக்குள்ளும் மின்சாரம் இருந்தது.

இளம் பிள்ளைகள் யாரைப் பார்த்து எப்படி ஆகிறார்கள் என்பதுபற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் இந்தத் தெருவிளக்கு விவகாரத்தை முடித்துவிடுகிறேன். இரண்டு பத்தி போதும்.

தெருவிளக்கின் அசல் உரிமைதாரர் தி. முத்துசாமி ஐயர். 1832-இல் தஞ்சைச் சீமையில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர். ஏழைப் பிள்ளையாகத் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். வங்காளத்தில் இதே பெருமை ஈசுவர சந்திர வித்யாசாகருக்கு. இருவரும் 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றவே யோசிக்க வேண்டிய காலம். நம்பலாம். அவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அதற்குப் பிறகு வந்த மகான்களை எல்லாம் அந்தக் கம்பத்தடிக்கு இழுத்து வந்தவர்கள்மேல்தான் கோபம்.

நான் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில், சிறப்பு விருந்தினர் எவரானாலும், அவர் எவரைப் பற்றிப் பேசினாலும், அந்த ஆளை ஒரு தடவையாவது தெருவிளக்கின் கீழ் உட்காரவைக்காமல் மாலையைக் கழற்ற மாட்டார். ஆபிரகாம் லிங்கன் கணப்படுப்பு வெளிச்சத்தில் படித்தார் என்று அமெரிக்காவில் சொல்வார்கள். கணப்படுப்பு என்றால் எங்களுக்குப் புரியாது என்று அவரையும் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காட்டை ஒட்டிய மரக்குடிசையில் வளர்ந்த மனிதர். விளக்கு இருக்கட்டும், தெரு எங்கே இருந்தது? ஒரு விருந்தினர் எடிசனையும் தெருவிளக்கில் படிக்கவைத்தார். பல்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே பல்பின் கீழ் உட்கார்ந்து படித்த ஒரே மனிதர் எடிசன்தான்.

விழாவுக்கு வந்த அப்பாமார்கள் இதை மனதில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மின்வாரிய அட்டையில் தொகை கொஞ்சம் கூடியிருந்தால் என் அப்பா, "முத்துசாமி ஐயர் எங்கடா படிச்சார்?" என்று கேட்டுக்கொண்டே ஸ்விட்சை அணைப்பார். எங்கள் வீட்டில் முன்மாதிரி என்றால் மின்சாரச் சிக்கனம்.

இத்தனை பேர் பேசுகிறார்களே, இவர்களில் யாராவது ஒரு தடவை தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா? மழைக்காலத்தில் ஈசல் விழும். கணக்கு நோட்டில் எது தசமப் புள்ளி, எது பூச்சி என்று தெரியாது. அந்தக் கம்பம் தங்களுடையது என்று நாய்கள் நினைக்கும். அதற்கு அவை அடிக்கடி ஆதாரமும் வைத்துவிட்டுப் போகும். தெருவில் போகிற ஒவ்வொருவரும் நின்று, "என்னப்பா, வீட்ல ஏதாச்சும் சண்டையா?" என்று விசாரிப்பார். விசாரணைக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது ரோந்துப் போலீஸ் வந்துவிடும். அவருக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தொல்லை எல்லாவற்றையும் தாண்டி ஒருவன் படித்துப் பெரிய ஆளாகிறான் என்றால் அவன் வீட்டுத் திண்ணையில் அகல் விளக்கிலேயே இன்னும் பெரிய ஆளாகியிருப்பான்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். எங்கள் தெருவில் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினார்கள். அன்றிலிருந்து அவை பகல் முழுக்க எரிகின்றன. பொழுது சாய்ந்ததும் அணைந்துவிடுகின்றன. எங்கள் தெருவில் இனி ஒரு மேதை உருவாக வேண்டுமானால் அவர் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்து உட்கார வேண்டும். அப்படியே விளக்கு ஒழுங்காக எரிந்தாலும், "படித்தார்!" என்று எடுத்துக்கொடுத்த அந்த அம்மா, தன் பையனை இருட்டியபின் கேட்டைத் தாண்ட விடுவாரா? ஆறரைக்கு மேல் பூங்காவிலேயே விடுவதில்லை. கொசுவாம்.

இரண்டு பத்தி என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு சங்கதிதான்.

முத்துசாமி ஐயர் கதையில், விளக்குக்கு முன்னால் ஒரு தாசில்தார் வருகிறார். பையன் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கரிடம் எடுபிடியாக இருந்தான். முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார் அவனுடைய சூட்டிகையைக் கவனித்துப் பள்ளியில் சேர்த்தார். பிறகு சென்னைக்கும் அனுப்பிவைத்தார். அவர் கண்ணில் படாமல் போயிருந்தால், பையன் எந்த விளக்கடியில் உட்கார்ந்தாலும் ஊர்க் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்திருப்பான். இத்தனை காலமாக விளக்குக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம். தாசில்தாரை ஒரு மேடையிலும் காணோம். விளக்கைப் புகழ்வதில் பெரியவர்களுக்குச் செலவில்லை, போய் உட்கார வேண்டியவன் பையன். தாசில்தாரைப் புகழ்ந்தால், "நீங்க யாரைப் படிக்க வச்சீங்க?" என்று கூட்டத்தில் எவனாவது எழுந்து கேட்டுவிடுவான்.

கலாமுக்கும் இதே கதிதான். பேச்சுகளில் ராமேசுவரத்துச் சிறுவன் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறான். அடுத்த வரியில் ஏவுகணை கிளம்பிவிடுகிறது. நடுவில் ஆளே இல்லை. அவர் எழுதியதிலும் பேசியதிலும் பார்த்தால் நடுவில் பெரிய கூட்டமே நிற்கிறது. பேப்பர் ஏஜென்சி வைத்திருந்த உறவினர் சம்சுதீன். உலகம் ராமேசுவரத்தோடு முடிந்துவிடவில்லை என்று பேசிப் பேசியே காட்டிய அக்காள் கணவர் ஜலாலுதீன். பறவை எப்படிப் பறக்கிறது என்று கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டிய வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர். எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த அக்கா ஜொஹரா. நடுவர் கேள்வி கேட்கலாம் என்பதால் ஒரு கலாமை நிறுத்தி, "தம்பி, கலாமுக்கு அக்கா இருந்தாங்களா?" என்றேன். தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா போனைப் பார்த்தார். "சிலபஸ்ல இல்லாததைக் கேக்காதீங்க" என்று பக்கத்து நாற்காலி நடுவர் என் காதில் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

விமானப்படை விமானியாக வேண்டும் என்று டேராடூன் போய், எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பியவர் கலாம். இதை எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பில் ஒன்பதாவதாக வந்த பிள்ளைக்கு அன்றிரவு தோசை முறுகலாக வராது. ஆனால் காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கலாம் படம் தவறாமல் வந்துவிடுகிறது. படத்துக்குக் கீழே அவர் சொன்னதாக ஒரு வாசகம். போன வாரம் வந்தது வெந்நீர் குடிப்பதைப் பற்றி.

இப்போது கலாமுக்கே போட்டி வந்துவிட்டது. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்து, நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தபோதே எங்கள் குடியிருப்பில் லேசாகக் காய்ச்சல் கண்டது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியனானதும், கிளப் ஹவுஸில் இருந்த கேரம் போர்டைத் தூக்கி ஜெனரேட்டர் அறையில் போட்டுவிட்டு செஸ் வகுப்பு ஆரம்பித்துவிட்டார்கள். சிப்பாய்க்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாத ஐந்து வயதுக் குழந்தையிடம் "குகேஷ் அண்ணா மாதிரி வரணும், என்ன?" என்கிறார்கள். அது பாவம், தலையாட்டிவிட்டுக் குதிரையை வாயில் போட்டுக்கொள்கிறது.

குகேஷ் யாரைப் பார்த்து வந்தார்? 2013-இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு ஆடியதை ஏழு வயதில் நேரில் பார்த்தார். அதில் ஆனந்த் தோற்றார். சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், கையிலிருந்த பட்டத்தையே இழந்தார். அதைப் பார்த்துத்தான் பையனுக்கு ஆசை பிறந்தது. தோற்றுக்கொண்டிருக்கிறவரைக் காட்டி "பாருடா, இப்படி வரணும்" என்று சொல்லும் பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பிரக்ஞானந்தா கதை இன்னும் அழகு. அக்கா வைஷாலி ஓயாமல் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று அவளைக் கொண்டுபோய் செஸ்ஸில் விட்டார்கள். தம்பி அக்காவைப் பார்த்து ஆட ஆரம்பித்தான். உலகின் முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் இப்படித்தான் உருவானார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கார்ட்டூன் சேனலுக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும். எங்கள் குடியிருப்பிலோ செஸ்ஸுக்காக வீட்டில் டிவி இணைப்பையே வெட்டிவிட்டார்கள்.

போட்டியில் கடைசிக்கு முந்தி ஒரு பையன் ஏறினான். கையில் தாள் இல்லை. "என் முன்மாதிரி பி பிளாக் அண்ணா. அவர் ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டுவார். அவர் முடி இங்க இப்படி இருக்கும். நானும் அப்படி வெட்டிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். முதல் வரிசையில் ஓர் அம்மா முகத்தை மூடிக்கொண்டார். நான் நூற்றுக்கு நூறு போட்டேன். வங்கி மேலாளர் பூஜ்யம் போட்டார். செயலாளர் கூட்டி வகுத்து அவனுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார். பரிசு, 'அக்கினிச் சிறகுகள்'.

எனக்கும் ஒரு பி பிளாக் அண்ணன் இருந்தார். எதிர்வீடு, நாலு வயது மூத்தவர். அப்பா காந்தியைக் காட்டினார், பள்ளிக்கூடம் நேருவைக் காட்டியது. நான் பார்த்ததெல்லாம் எதிர்வீட்டு ஜன்னலை. அவர் வகிட்டை மாற்றினார், நானும் மாற்றினேன். 'ழ'வின் வாலை அவர் ஒரு தினுசாகச் சுழித்து எழுதுவார். இன்றும் என் எழுத்தில் அந்தச் சுழி இருக்கிறது. பிளஸ் டூவில் நான் காமர்ஸ் எடுத்தது பற்றுவரவின்மேல் இருந்த காதலால் அல்ல, அவர் எடுத்திருந்தார். நூலகத்தில் அவர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தைத்தான் எடுப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, அவர் எந்தப் பக்கத்தை மடித்திருக்கிறார் என்பதுதான் முக்கியம். இன்று நான் 'ஏதோ எழுதுகிற' நிலைக்கு வந்தது அந்த மடிப்புகளால்தான். அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. இப்போது மனை விற்கிறார். அவ்வப்போது போன் செய்து செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கிப் போடச் சொல்கிறார். அவர் குரலைக் கேட்டதும் இன்னமும் எழுந்து நின்றுவிடுகிறேன். மனை மட்டும் வாங்கவில்லை.

இந்த அண்ணன்களுக்கும் இப்போது கட்டணம் வந்துவிட்டது. மென்டார் என்கிறார்கள். என் அக்கா மகனுக்கு இருபத்திரண்டு வயது; அவனுடைய மென்டாருக்கு இருபத்தாறு. மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையில் தோன்றி அவர் கொடுத்த முதல் ஆலோசனை, "காலையில் ஐந்து மணிக்கு எழுந்திரு". இதையே எங்கள் பாட்டி இலவசமாக, முகத்தில் தண்ணீர் தெளித்துச் சொல்வார். என்ன மாமா சிரிக்கிறீங்க என்று கேட்டான். உன் மென்டார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று கேட்டேன். அவர் கலிபோர்னியா நேரத்தில் இருக்கிறாராம்.

என் கருத்தைச் சொல்ல இப்போது இடமில்லை. தெருவிளக்கு தின்றுவிட்டது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் கிளப் ஹவுஸ் செஸ் வகுப்பில் அடுத்த மாதத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வயது வரம்பு இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உங்கள் பகுதியிலும் அப்படித்தான் இருக்கும், விசாரியுங்கள். குகேஷ் மாதிரி வர வேண்டும் என்ற ஆசை வீட்டில் யாருக்கு அதிகமோ, அவர் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.