டொக்டர் ஓடிய கார்

கற்பிட்டியில் விலைக்கு வருகிற பழைய கார் எல்லாம் யாரோ ஒரு டொக்டர் ஓடியதுதான். இந்தக் கணக்குச் சரியென்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைவிட டொக்டர்மார் கூடவாக இருக்க வேண்டும். டொக்டர் அகப்படாவிட்டால் ஒரு டீச்சர் ஓடியிருப்பார். பாடசாலைக்கும் வீட்டுக்கும் மட்டும், மழைக்கு எடுத்ததே இல்லை.

எனக்கு என்ஜின் தெரியாது. ஆனாலும் குடும்பத்தில் யார் கார் பார்க்கப் போனாலும் என்னைக் கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டையோடு நிலத்தில் மல்லாந்து படுக்க நான் ஒருவன்தான் வெட்கப்படுவதில்லை. எங்கள் ஊரில் காரைக் கீழிருந்துதான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, பாலாவி வீதி நெடுக மீன் லொறி ஒழுக்கும் உப்புத் தண்ணீர். மேலே பெயின்ட் மின்னும். கறள் கதவின் அடியிலும் ஜாக் வைக்கிற இடத்திலும் வேலையைத் தொடங்கியிருக்கும். ஒரு காரின் அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். "பாதுகாப்புக்கு அடிச்சது, நானா" என்றார் விற்பவர். யாருடைய பாதுகாப்புக்கு என்று சொல்லவில்லை.

சாளை வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவன் என் மச்சான். நாற்பது இலட்சத்துக் காரின் முன்னால் நின்று, "கலர் நல்லாயிருக்கு" என்கிறான்.

விலையைச் சொல்லிக் குற்றமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை கார் பழசாகப் பழசாக விலை ஏறியது. வயது போகப் போக மதிப்புக் கூடுகிற அந்தப் பாக்கியம் பென்சன்காரருக்குக்கூட வாய்க்கவில்லை. திறந்ததும் விலை இறங்கும் என்றிருந்தோம். புதுக் காருக்கு வரி எவ்வளவு என்று கேட்டபின், பழைய காரை மறுபடி மரியாதையோடு பார்க்கத் தொடங்கினோம்.

என்ஜின் ஆறியிருக்கும்போதுதான் பார்ப்போம் என்று ஒருவரிடம் முதல்நாளே சொல்லிவைத்தோம். ஆறின என்ஜின்தான் புகையையும் சத்தத்தையும் மறைக்காது. போய் பொனட்டில் கை வைத்தால் சுடுகிறது. "வெயில், நானா." மணி காலை ஏழு, கார் நின்றது தென்னை நிழலில். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பார்க்கிறேன். சீட்டைக் கழுவுகிறவர்கள் அதன் அடிநுனியை மறந்துவிடுவார்கள். சேறு அங்கே இருக்கும்.

குருநாகல் பக்கம் ஒரு கார் சேலில் ஏசி, கோப்பி, ஜப்பான் ஏலத் தாள் எல்லாம் தந்தார்கள். தாளில் தரம் 'ஆர்' என்றிருந்தது. அடிபட்டுத் திருத்திய காருக்குத்தான் அந்த எழுத்து. 'ரீகண்டிஷன்' என்பதன் சுருக்கம் என்றார் டை கட்டிய தம்பி. சேசிஸ் நம்பரைக் கொடுத்து அந்தத் தாளை வேறிடத்தில் சரிபார்க்கலாம் என்றதும் இரண்டாவது கோப்பி வரவில்லை.

எல்லாம் சரிவந்த காருக்கும் பதிவுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பினான்ஸ் கம்பெனி அதில் உரிமையாளராகக் கிடந்தால், கடன் தீராமல் கார் உங்களுடையது ஆகாது. இன்னொன்று ஓபன் பேப்பர்: கைமாறி 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியதை அறிவிக்காமல், கையெழுத்து வைத்த படிவத்தோடு கார் ஊரூராகப் போகும். கடைசியாகப் பார்த்த காரின் புத்தகத்தில் மாத்தறைக்காரர் ஒருவரின் பெயர்.

"இவர் எங்கே?"

"மௌத்தாகி ரெண்டு வருஷம்."

"அப்போ கையெழுத்து?"

"அதெல்லாம் முந்தியே வாங்கி வச்சாச்சு. திகதி மட்டும் போடல்ல. உங்களுக்கு விருப்பமான திகதியப் போட்டுக்கொள்ளுங்க."

மச்சான் சட்டைப்பையில் பேனையைத் தேடினான்.