இருபது அடி

மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மேஸ்திரி வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்தவர், சட்டென்று நின்றுவிட்டார். அடுக்களைச் சுவரை ஒட்டி, ஒற்றைக் கம்பத்தின் மேல் என் தேனீப் பெட்டி.

"சாரே, இத மாத்தாம நான் ஏணி சாத்த மாட்டேன்."

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு தேனீ வளர்க்காமல் இருந்தால் ஊர் மதிக்காது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. வழியாகக் கோழியும் தேனீயும் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழக்கம் விடாமல் வந்து, ஓய்வு பெற்ற மறுமாதம் என்னையும் பிடித்துக்கொண்டது.

"இதென்ன பெரிய காரியம்? ரெண்டு நாளைக்கு மாமரத்தடியில வச்சுட்டு, திரும்ப எடுத்துக்கலாம்" என்றேன். மாமரம் இருபது அடி தூரம். பேசியது நான் இல்லை, அலமாரியில் இருக்கும் நாலு தேனீப் புத்தகங்கள். தேனீயின் நடனத்துக்குப் பொருள் சொன்ன கார்ல் வான் ஃப்ரிஷ்ஷுக்கு 1973இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று இடுப்பை ஆட்டி, எட்டுப் போட்டுச் சொல்லும் நடனம். சம்பந்தி வீட்டார் முதன்முதலில் பெண் பார்க்க வந்த அன்று, அதை நான் ஹாலில் ஆடியே காட்டினேன். சம்பந்தம் முறியாமல் நின்றது பெண்ணின் யோகம்.

பகலில் பெட்டியை எடுக்கக் கூடாது, மேயப் போனவை வெளியே நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். இரவு எட்டு மணிக்கு, எல்லாம் அடைந்த பிறகு, வாசலைத் துணியால் அடைத்துச் சீர்த்தட்டு ஏந்துவதுபோல் பெட்டியை ஏந்திக்கொண்டு நடந்தேன். மாமரத்தடியில் பழைய ஸ்டூல். எறும்பு ஏறாமலிருக்க அதன் நாலு காலுக்கும் நாலு சிரட்டைத் தண்ணீர். அவ்வளவு முன்யோசனை.

விடிந்ததும் துணியை எடுத்தேன். விர்ரென்று கிளம்பிப் போயின. ஒன்பது மணிக்குத் திரும்பின, மாமரத்துக்கு இல்லை.

கம்பத்தை ஒட்டி இப்போது மேஸ்திரியின் ஏணி. பெட்டியின் வாசல் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில், வெறும் காற்றில், ஆயிரக்கணக்கில் தேனீக்கள் சுற்றின. இருபது அடி தள்ளி அவற்றின் வீடும் ராணியும் தேனும் அப்படியே இருக்க, ஒன்றுகூட அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. களைத்தவை ஏணியின் நாலாவது படியில் கொத்தாகத் தொங்கின. மேஸ்திரி ஆறாவது படியில் நின்றிருந்தார். அவர் இறங்கிய வழி ஏணி இல்லை. பிரஷ் ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். ஈரமான கிரீம் பெயிண்டில் ஒரு தேனீ முன்கால்களைப் பிடுங்கப் பார்த்தது, முடியாமல் இறக்கையை அடித்து ஒரு சின்ன விசிறிக் கோலம் போட்டது. பக்கத்தில் இன்னும் சில.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நானே பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். வெளிவேலைக்குப் புறப்படுகிற தேனீ முதலில் வாசலைப் பார்த்தபடி பறந்து, அரைவட்டம் அரைவட்டமாக விரிந்து, சுவர், மரம், வேலி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறது. அது மனப்பாடம் செய்வது இடத்தை. பெட்டிக்கு என்னிடம் பில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பட்டா அவற்றிடம்.

பெட்டியை வேகவேகமாகத் தூக்கிவந்து பழைய கம்பத்தில் வைத்தேன். வழியில் மூன்று கொட்டு. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வரிசையாக உள்ளே போய்விட்டன. மேஸ்திரியும் போய்விட்டார், அவர் வீட்டுக்கு.

மாலையில் தேனீ அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன். ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கிற பருவத்தில் லாரி நிறையப் பெட்டிகளைக் கேரளத் தோட்டங்களுக்கு ஏற்றிப்போகிறவர். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் இல்லை, தளிர் இலைக் காம்பில். அதை நம்பி ராத்திரியோடு ராத்திரியாக மாவட்டம் தாண்டுகிறவருக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை. நான் கொல்லையைக்கூடத் தாண்டவில்லை.

"சாரே, மூணு அடி, இல்லன்னா மூணு மைலு. நடுவுல ஒண்ணும் கிடையாது" என்றார். தூரமாகப் போனால் ஊரே புதிது, தேனீ புதிதாகப் படித்துக்கொள்ளும். நாளுக்கு ஓர் அடி, இரண்டடி என்று நகர்த்தினால் சமாளித்துக்கொள்ளும். இருபது அடியில் வைத்தால், பழக்கமான மாமரத்தைப் பார்த்ததும் பழைய விலாசத்துக்குத்தான் போகும். அடியடியாக நகர்த்தி அடியடியாகத் திரும்ப ஒரு மாதம் பிடிக்கும். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"ரெண்டு நாள் வேலைதான? வெளியவே விட வேண்டாம்" என்றவர், இருட்டியதும் வாசலில் கம்பிவலை அடித்து, மேலே ஈரச்சாக்கு போட்டு, பெட்டியைக் கொண்டுபோய் எங்கள் ஸ்டோர் ரூமில் வைத்தார். குளிர்ச்சியும் காற்றும் இருட்டும் இருந்தால் ஓரிரு நாள் தாங்குமாம்.

அன்று இரவு இரண்டு மணிக்கு என் மனைவி எழுப்பினாள். "மிக்ஸிய நிறுத்தாம வந்துட்டீங்களா?"

மிக்ஸி இல்லை. வாடகைப் பாத்திரங்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவிலிருந்து வந்தது அந்த ரீங்காரம். வலைக்குள்ளிருந்து விசிறி விசிறிப் பெட்டியைக் குளிர்வித்துக்கொண்டிருந்தன. சாக்கை நனைக்கப் போனேன். அந்த அறையின் சுவிட்சைக் கதவுக்கு மறுபக்கம் மாற்றி ஆறு மாதம் ஆகிறது. இருட்டில் என் கை பழைய சுவரையே தடவிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது: "உங்களையும் மூணு மைல் தள்ளிக் கொண்டுபோய் வச்சாத்தான் சரிவரும்."

மூன்றாம் நாள் இரவு பெட்டி பழைய கம்பத்துக்கே, பழைய திசை பார்த்தே திரும்பியது. காலையில் ஒன்றுகூட வழி தவறவில்லை. சுவரில் ஒட்டிய ஐந்து தேனீக்களின் மேல் மேஸ்திரி இரண்டாம் கோட்டும் அடித்துவிட்டார். வெயில் சாய்கிற நேரத்தில் பார்த்தால் இப்போதும் ஐந்து புடைப்பு தெரியும். அவர் கொடுத்த கணக்குச் சீட்டில் ப்ரைமர், பட்டி, கிரீம் பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒரு வரி இருந்தது: "தேனீ — அரை நாள் கூலி." கொடுத்துவிட்டேன்.