மறுவாசிப்பாளர் இலக்கணம்

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்குப் பெங்களூர்த் தமிழரிடையே இருவகை வாசகர் உளர்: படித்தவர், படித்துக்கொண்டே இருப்பவர். மறுவாசிப்பாளர் எனப்படும் இரண்டாம் வகையினர், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் மடியப்போவதை நன்கறிந்தும், அந்த அத்தியாயம் நெருங்க நெருங்க, இம்முறையாவது தப்பிவிடுவானோ என்று பதறுபவர். கொலையாளி யார் என்பதை நாவலாசிரியர் கல்கி ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லாமல் விட்டமையால், நந்தினியும் ரவிதாசனும் பெரிய பழுவேட்டரையரும் ஆண்டுதோறும் முறைவைத்துக் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்க, வெறும் பழக்கத்துக்கு ஆராய்ச்சி என்ற மதிப்பும் வந்துசேர்கிறது.

இம்மறுவாசிப்பின் முற்றிய நிலையே பரிந்துரை. தாம் பெற்ற இன்பம் பிறரும் பெறச் செய்தல் என்று அதற்குப் பொருள் கூறப்படினும், நடைமுறையில் அது பிறர் படிப்பதை அருகிலிருந்து மேற்பார்வையிடும் உரிமையேயாகும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்று, தமிழை வீட்டுப் பேச்சளவில் வைத்திருக்கும் இளைஞர், 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மணிரத்னத்தின் இரு படங்களையும் பார்த்தாயிற்று என்று நழுவ முயன்றால், மறுவாசிப்பாளர் படத்தில் இடம்பெறாத மணிமேகலை என்னும் பாத்திரத்துக்காக வாதாடத் தொடங்கி, அந்த வேகத்தில் நாவலின் முடிவையே சொல்லிவிட்டு, “மற்றதைப் படித்துத் தெரிந்துகொள் தம்பி” என்று பெருந்தன்மையுடன் நிறுத்துகிறார். நாவலின் அருள்மொழிவர்மனே பின்னர் முதலாம் இராசராசனாகி, தென் கர்நாடகத்தின் கங்கபாடியை வென்றவன் என்பதால், உள்ளூர்ச் சான்று காட்டுவதற்காக அவ்விளைஞர் டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்கும் அழைத்துச் செல்லப்படுகிறார்; அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் ஹொய்சளர் காலத்தனவும் உண்டு என்ற செய்தி மட்டும் சற்றே தாழ்ந்த குரலில் சொல்லப்படுகிறது.

இத்தனைக்கும் பின்னர் இளைஞர் படிக்கிறாரா என்பது இரண்டாம் நிலைக் கேள்வியே. அவர் எந்த இடத்தில் ஐயம் கேட்டாலும் விடை கூற ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சியால், மறுவாசிப்பாளர் அன்றிரவே ‘புது வெள்ளம்’ என்னும் முதற்பாகத்தைத் தொடக்கத்திலிருந்து படிக்க அமர்கிறார். ஆகவே, ஒவ்வொரு பரிந்துரையாலும் அந்நாவலுக்கு ஒரு வாசகரேனும் உறுதியாகக் கிடைத்துவிடுகிறார்.